எருமையும் வெள்ளாடும்

ஜனவரி 6, திங்கள்

இன்றிலிருந்து எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதும் வியாதி எனக்குக் கிடையாது. வோல்ட்டர் கேட்டதால் எழுதுகிறேன்.

வோல்ட்டர் இந்த ஊரில், பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளுக்கு வாடகைக் கடை வைத்திருப்பவர். என் மனுசன் சற்குணம் அந்தக் கடை மெக்கானிக். கடைக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. கனடாவின் மேற்குக் கோடி, மூன்று பக்கமும் பனிமலை, நாலாவது பக்கம் ஒரு பெற்றோல் ஷெட். கறித்தூள் வாங்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்கக் கார் ஓட வேண்டும். இந்தச் சிறையில் பதினொரு வருசம்.

அடுத்த பனிக்காலத்துக்கு வோல்ட்டர் புது வண்டிகள் வாங்கப்போகிறார். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டி வாங்குவதா, ரெண்டு ஸ்ட்ரோக் வாங்குவதா என்று அவருக்குத் தலையிடி. இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து வைத்திருக்கிறார். "சற்குணம் எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடுவான். வாடகைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உன்னைப்போல ஒரு ஆள் ஓடிப் பார்த்து எழுதித் தர வேண்டும்" என்றார். அதாவது ஐம்பத்துமூன்று வயதில், குளிருக்கு நடுங்குகிற, ஒன்றும் தெரியாத ஒரு மனுசி. நல்ல மரியாதை.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனுசன், "அவ மாட்டா. அவவுக்குப் பயம்" என்றார். இனி மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

எப்படியும் ஏப்ரலில் ரொறன்ரோ போகிறோம். மகள் நிருஜாவுக்கு மே மாதம் குழந்தை. அவள் வீட்டு பேஸ்மன்ட் எங்களுக்கு. நான் வருசக்கணக்காகக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிய பிறகு போன கார்த்திகையில்தான் மனுசன் சம்மதித்தார். முருகன் கண் திறந்தான்.

ஜனவரி 7, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை கடை பூட்டு. காலையில் வெளிக்கிட்டோம். உடுப்பு மட்டும் ஐந்து அடுக்கு. கழுத்தில் ரேடியோ. நெஞ்சில், பனிச்சரிவில் புதைந்தால் நாம் கிடக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பெட்டி. முதுகில் மண்வெட்டி.

"உதெல்லாம் என்னத்துக்கப்பா? தோட்டம் கொத்தப் போறமோ?"

"ஒராள் பனிக்குள்ள தாண்டால் மற்ற ஆள் கிண்டி எடுக்க."

வாயைப் பொத்திக்கொண்டு ஏறினேன். இந்த வண்டியில் நான் ஏறுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு நாலு ஸ்ட்ரோக். பொத்தானை அமத்தியதும் எழும்பியது. சத்தம் இல்லை, புகை இல்லை, மணம் இல்லை. மெசின் ஓட்டிச் சமப்படுத்திய பாதையில் வழுக்கிக்கொண்டு போனது. நல்ல பிள்ளை என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். பிறகு பாதை முடிந்து மாப்பனி தொடங்கியது. மாப்பனி என்பது நான் வைத்த பெயர். அரித்தெடுத்த அரிசிமாவைப் போல இடுப்பளவுக்குக் கிடக்கும், மிதித்தால் அடி தட்டாது. அதற்குள் கொஞ்சத் தூரம் போனதும் பயத்தில், பெருவிரலால் அமத்தி வேகம் கூட்டும் விசையை விட்டுவிட்டேன். அவ்வளவுதான். மூக்கைக் குத்திக்கொண்டு படுத்துவிட்டது.

மனுசன் தன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். "நாலு ஸ்ட்ரோக்கில விசையை விட்டால் எஞ்சினே பிறேக் பிடிக்கும். பாரமும் கூட. இதுக்குள்ள நிண்டு யோசிக்கக் கூடாது, மலர்."

"யோசிக்காமல் செய்த வேலை ஒண்டு போதும். உங்களைக் கட்டினது."

"யோசிச்சிருந்தால் கட்டியிருக்க மாட்டீர். எனக்கு நல்ல காலம்."

முன்னால் பனியை மிதித்து இறுக்கி, வண்டியைப் பக்கவாட்டில் சரித்து, அடியில் விழுந்த குழியைப் பனி போட்டு நிரப்பி, திரும்ப நிமிர்த்தி எடுக்க என் இடுப்பு, நாரி எல்லாம் விட்டுப்போனது. குளத்துக்குள் படுத்த எருமையையும் எழுப்பலாம், இதை எழுப்ப ஏலாது. பெயர் வைத்தாயிற்று. எருமை.

ஜனவரி 8, புதன்

நாரி நோவு. புட்டு அவித்தேன். வேறொன்றுமில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. வோல்ட்டருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டு மலைக்குப் போனோம்.

இன்று ரெண்டு ஸ்ட்ரோக். கயிற்றை இழுத்து எழுப்ப வேண்டும். மூன்றாம் இழுப்பில் ஊரைக் கூட்டிக்கொண்டு கத்தியது. நீலப் புகை, எண்ணெய் மணம். பெற்றோல் குடிப்பது போதாதென்று எண்ணெயும் தனியாகக் குடிக்கிறது. "கண்டறியாத வண்டி" என்றேன். மனுசன் அந்தப் புகைக்கு நடுவில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மயிலிட்டியில் மீன்பிடி வள்ளத்து எஞ்சின் திருத்தினவர். அவருக்கு அது சாம்பிராணி.

ஆனால் வோல்ட்டருக்கு நியாயமாக எழுத வேண்டும். பெருவிரலால் விசையைத் தொட்டேனோ இல்லையோ, துள்ளியது. பாரமே தெரியவில்லை. மாப்பனிக்குள் தாழாமல் மேலால் போனது. நான் இடப்பக்கம் சரிந்தால் அதுவும் சரிந்தது. மலைச் சரிவில் குறுக்காக ஓடு என்று சொல்லவே தேவையில்லை, வெள்ளாடு மாதிரித் தானே ஓடியது. இரண்டு பக்கமும் பனி எழும்பி என் தலைக்கு மேலால் பறந்தது. யாரோ ஒரு பொம்பிளை கூவிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நான்தான்.

குறையும் சொல்ல வேண்டும். உச்சிக்குக் கிட்டப் போகப் போக வெள்ளாட்டுக்கு மூச்சு வாங்கியது. அங்கே காற்று மெல்லிசு. மனுசன் ஓட்டிய எருமைக்கு, காற்றை அமத்திக் கொடுக்கும் டர்போ இருப்பதால் அது சளைக்காமல் ஏறியது.

கீழே வந்ததும் மனுசன் கேட்டார். "என்ன மாதிரி?"

"குளிர்" என்றேன்.

ஜனவரி 17, வெள்ளி

நிருஜா போன் எடுத்தாள். பேஸ்மன்ட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்றாம், இளமஞ்சள். "அப்பாவுக்குப் பெரிய கட்டில் வேணுமோ எண்டு கேளுங்கோ" என்றாள். "நீயே கேள்" என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கம் அது. சோறு, கறி, பகிடி எல்லாம் நானும் அவரும் நேரே கதைப்போம். பெரிய விசயம் என்றால் நிருஜா நடுவில் வர வேண்டும். "அப்பாட்டச் சொல்லு", "அம்மாட்டக் கேள்" என்று அவளுக்குக் கதை வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் கல்யாணம் கட்டிப் போன பிறகு போனில் நடக்கிறது. போன கார்த்திகையிலும், இதே மேசையில் எனக்கு முன்னால் இருந்துகொண்டு, "அம்மாட்டச் சொல்லு, ரொறன்ரோவுக்குப் போவம் எண்டு" என்றார். அந்தச் சொல் நாட்டின் மறு பக்கம் போய்த் திரும்பி என்னிடம் வந்தது.

அவள் பேஸ்மன்ட்டைப் பற்றி நிறையச் சொன்னாள். சந்தோசம்தான், எனக்கென்ன குறை. சரிவில் திரும்பும்போது உடம்பை முதலில் சரிப்பதா, விசையை முதலில் அமத்துவதா என்று ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்ததில் பாதி காதில் விழவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் எருமை, மத்தியானம் வெள்ளாடு. ஒப்பிட்டுப் பார்க்கத்தானே கேட்டார்கள்.

எருமைக்குப் பெற்றோல் செலவு குறைவு. கைக்கு நடுக்கம் வராது. காது நோகாது. பாதையில் போக அதை அடிக்க ஆளில்லை. ஆனால் மாப்பனியில் தாண்டால் தாண்டதுதான். வெள்ளாடு தாண்டால் நானே ஒற்றையாய் இழுத்து எடுத்துவிடுகிறேன். இன்று இரண்டு தடவை எடுத்தேன். மூன்றாவது தடவை வேண்டுமென்றே தாட்டேன் என்று மனுசன் சொல்கிறார். பொய்.

மேலே பனியில் குந்தியிருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். மனுசன் ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்.

"அந்த மூலையில நிக்கிறது உம்மட அம்மா."

"ஏனாம்?"

"ஒரு நாளும் முகம் வெளிச்சதில்லை. எப்பவும் முகில்."

கையுறையால் அடித்தேன். "எப்ப வைச்ச பெயர்?"

"வந்த வருசமே."

"எனக்குச் சொல்லேல்லையே?"

"நீர் கேக்கேல்லையே."

முப்பது வருசத்தில் இந்த மனுசன் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பின்னேரம் இறங்க மனமில்லை, அவருக்கு. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த மலையை விட்டுவிட்டுப் போய் அந்த பேஸ்மன்ட்டில் என்ன செய்வார்? எனக்காகத்தானே வருகிறார்.

"இன்னொருக்கா ஓடப்போறீரோ?" என்று கேட்டார்.

"அறிக்கைக்காகத்தான்."

"ஓமோம். அறிக்கைக்கு."

ஜனவரி 25, சனி

கடைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். வோல்ட்டர் மனுசனிடம் எந்த வண்டி நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் மனுசன், என் கழுத்தில் தாலி கட்டிய மனுசன், வடிவான இங்கிலீசில் சொல்கிறார்: பெண்களுக்கு நாலு ஸ்ட்ரோக்தான் சரி. ரெண்டு ஸ்ட்ரோக் துள்ளும், அவர்களுக்குச் சரிவராது.

நான் தட்டோடு பின்னால் நின்றேன். அவர் திரும்பினார். முகம் செத்துப்போனது. தேத்தண்ணியை வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

இனி அவரோடு கதை இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

"நிருஜா, அப்பாட்டச் சொல்லு, சோறு மேசையில இருக்கு."

"அம்மாட்டச் சொல்லு, கண்டனான்."

"ரெண்டு பேரும் ஒரே அறையிலதானே நிக்கிறியள்?" என்றாள் நிருஜா.

"அம்மாட்டக் கேள், செவ்வாய் மலைக்கு வாறாவோ எண்டு."

"வாறன் எண்டு சொல்லு. ரெண்டு ஸ்ட்ரோக்கில வாறன் எண்டும் சொல்லு. எனக்குச் சரிவருதோ இல்லையோ எண்டு பாக்கட்டும்."

"அப்ப நான் நாலு ஸ்ட்ரோக்கில போறன். அது ஏறாத இடமில்லை எண்டு காட்டுறன். சொல்லு."

"ஐயோ, எனக்கு வேலை இருக்கு!"

ஜனவரி 28, செவ்வாய்

இன்று எழுத மனமில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மலையில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் பிரிந்து ஓடினால் அரை மணிக்கொரு தடவை ரேடியோவில் கூப்பிட வேண்டும். இன்று போகும்போது ஒரு சொல் இல்லை. மரங்கள் தொடங்கும் இடத்தில் மனுசன் எருமையைத் திருப்பிக்கொண்டு தன் பாட்டில் மேலே போனார். எங்கே போகிறார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மரமில்லாத வெளியில் வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அரை மணி போனது. அவர் முதலில் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவர்தானே பிழை விட்டவர்? இன்னொரு அரை மணி. ரேடியோவில் விரலை வைத்தேன். எடுத்தேன். அந்த விரலைத் தறிக்க வேண்டும். பாணை ஒரு கடி கடித்துவிட்டுத் திரும்பச் சுற்றி வைத்தேன். கடைசியில் அமத்திக் கூப்பிட்டேன். "இஞ்சருங்கோ." பதில் இல்லை. "இஞ்சருங்கோ! எங்க நிக்கிறியள்?" இரைச்சல் மட்டும்தான்.

அவர் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எருமையின் தடம் ஆழமானது, தவற விட முடியாது. நெருங்கிய மரங்களுக்குள் நுழைந்து ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தது. எருமை மூக்குக் குத்திப் பக்கமாய்ச் சரிந்து கிடந்தது. அதற்கு அங்கால், ஒரு பெரிய மரத்தின் அடியில், அவருடைய தலையும் ஒரு கையும் மட்டும்.

அந்த மரங்களின் அடியில் பனி இறுகாது, உள்ளே வெறும் பொந்து என்று அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். கழுத்தளவுக்கு அதற்குள் இறங்கி, ஒரு கால் எருமைக்குக் கீழே.

நான் நேரே போய் நின்றால் நானும் தாழ்வேன். என்ர ஐயோ என்று குழறிக்கொண்டே விசையை விடாமல் பள்ளத்துக்கு மேலால் சுற்றி, வெள்ளாட்டின் மூக்கு கீழ்ப்பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்தினேன். எருமையில் வந்திருந்தால் அந்தச் சுற்று எனக்குச் சுற்றியிருக்காது. பெண்களுக்குச் சரிவராதாம்.

மண்வெட்டியால் கிண்டினேன். அவர், "மெல்ல, மலர், மெல்ல. மூச்சு விடும்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

"ஏன் கூப்பிடேல்லை?"

"விழேக்க ரேடியோ எங்கையோ எறிபட்டிட்டுது."

"அதுக்கு முதல்? முதல் அரை மணிக்கு ஏன் கூப்பிடேல்லை?"

தலைக்கவசக் கண்ணாடியில் அப்பிய பனியைத் துடைத்தார். பிறகு சொன்னார். "நீர் கூப்பிடுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் தலைக்கவசத்தில் நாலு குத்துக் குத்தினேன். "உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால் நான் ஆரோட கோவிக்கிறது? சொல்லுங்கோ, ஆரோட?"

எருமைக்குக் கீழே இருந்த பனியையும் கிண்டி எடுக்கக் கால் வெளியே வந்தது. முழங்கால் மடங்கவில்லை. ஒராள் இருக்கிற இருக்கையில் அவரைப் பின்னால் கட்டிக்கொண்டு நானே இறக்கி வந்தேன். வழி முழுக்க என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

ஜனவரி 30, வியாழன்

எலும்பு முறியவில்லை. முழங்கால் நரம்பு இழுபட்டிருக்கிறதாம். கம்பு ஊன்றி நடக்கலாம். எருமையைக் கடை ஆட்கள் போய் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நான் தேங்காய்ப்பால் சொதி காய்ச்சிக்கொண்டிருந்தபோது மனுசன் நிருஜாவோடு கதைத்தார். "அம்மாவை இனி இஞ்ச வைச்சிருக்கேலாது, பிள்ளை. அண்டைக்கு அவ குழறினது என்ர காதுக்குள்ளையே நிக்குது. ஏப்ரல் வரைக்கும் பாக்கேலாது. மாசிக் கடைசியில வாறம்." வோல்ட்டருக்கும் சொல்லிவிட்டார்.

நல்லது. நான் கேட்டதுதானே.

பெட்டி கட்டத் தொடங்கினேன். பீங்கான் எல்லாம் கட்டியாயிற்று. பனிச் சப்பாத்தும் தலைக்கவசமும் கடைசியில் கட்டலாம், அவசரமில்லை. சொதி திரைந்துபோனது.

பிப்ரவரி 1, சனி

பனி கொட்டுகிறது. தொடையளவு புதுப் பனி என்று கடைக்கு வந்தவர்கள் கத்துகிறார்கள். யாருக்கென்ன.

பிப்ரவரி 4, செவ்வாய்

விமானச் சீட்டுப் போட நாள் கேட்டு நிருஜா எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். மனுசன் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"நிருஜா, அப்பாட்டக் கேள், அவருக்கு உண்மையா வர விருப்பமோ எண்டு."

"அம்மாட்டச் சொல்லு, அவவுக்கு விருப்பமெண்டால் எனக்கு விருப்பம்."

"எனக்காக ஒருத்தரும் வரத் தேவையில்லை எண்டு சொல்லு."

"அப்ப அவவுக்கு என்ன வேணும் எண்டு கேள்."

நிருஜா பொரிந்தாள். "என்ர வயித்துக்குள்ள ஒண்டு உதைக்குது. கால் வீங்கியிருக்கு. உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில கதை காவ எனக்கு இனி ஏலாது. ஒரே மேசையிலதானே இருக்கிறியள்? கதையுங்கோ. கதைச்சு முடிச்சிட்டு எடுங்கோ."

போனை வைத்துவிட்டாள்.

மனுசன் முழங்காலைத் தடவினார். நான் மேசைத் துடைப்பை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தேன். கடைசியில் அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"ரொறன்ரோவுக்குப் போக உமக்கு விருப்பமோ?"

"இல்லை" என்றேன். அவ்வளவு சின்னச் சொல். அது வெளியே வர எனக்கு உடம்பு முழுக்க வேர்த்தது.

"இல்லையோ?" நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். "அப்ப இத்தினை வருசமா ரொறன்ரோ ரொறன்ரோ எண்டு என்ர உயிரை எடுத்தனீரே!"

"செவ்வாய்க்குச் செவ்வாய் நீங்கள் மேல போவியள். அந்தச் சத்தம் மலைக்கு அங்கால போய் அடங்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பன். பிறகு பின்னேரம் வரைக்கும் இந்த வீட்டில நானும் சுவரும். பதினொரு வருசம். ஒருக்கா, ஒரேயொருக்கா, 'நீரும் வாரும்' எண்டு கேட்டனீங்களோ?"

அவர் நீட்டியிருந்த காலை நாற்காலியிலிருந்து இறக்கினார். "உமக்குப் பயம் எண்டு நினைச்சன், மலர்."

"கேட்டிருந்தால் பயம் எண்டுதான் சொல்லியிருப்பன். பிறகு வந்திருப்பன்."

மனுசன் அழுதார். மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்ட அன்றுகூட அழாதவர். நான் எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

பிப்ரவரி 5, புதன்

மனுசனே போன் எடுத்தார். அவரே சொன்னார். "பிள்ளை, எனக்கும் அம்மாவுக்கும் இந்த இடம்தான் விருப்பம். உன்னையும் பாக்காமல் இருக்கேலாது. என்ன செய்யிறது எண்டு நீ சொல்லு."

நிருஜா அழுதாள். எங்களுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த பிள்ளை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அப்ப பிள்ளை பிறக்க முதல் வாங்கோ. பனி விழ முதல் போங்கோ. மற்றும்படி ஒரு நாளும் பிந்தக் கூடாது."

வருவோம். அவள் பிள்ளைக்கு நான்தான் முதல் முழுக்கு வார்ப்பேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வோல்ட்டருக்கு அறிக்கை கொடுத்தேன். மாப்பனிக்கு ரெண்டு ஸ்ட்ரோக், பாதைக்கு நாலு ஸ்ட்ரோக். பெண், ஆண் என்று பிரிக்க வேண்டாம், வருகிறவரைக் கேட்டுக் கொடுங்கள் என்று எழுதினேன். என் மனுசன் அதை வோல்ட்டருக்கு இங்கிலீசில் வாசித்துக் காட்டினார். அந்த வரியில் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

வெளியே நல்ல வெயில். நான் ஐந்து அடுக்கும் போட்டு, வெள்ளாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்கார ஆட்கள் இரண்டு பேர் மேலே போகிறார்கள், அவர்களோடு போகலாம் என்று. மனுசன் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். "கவனமாப் போட்டு வாரும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பதினொரு வருசம் நான் அந்த வாசலில் நின்று சிரித்த சிரிப்பு.

கயிற்றை விட்டேன்.

"நீங்களும் வாங்கோவன்" என்றேன்.

"இந்தக் காலோட மாப்பனிக்குள்ள என்னெண்டப்பா வாறது?"

"ஆர் மாப்பனிக்குப் போறது? பாதையால போவம். பின்னால ஏறுங்கோ."

எருமையின் பொத்தானை அமத்தினேன். இரண்டு பேர் கதைத்துக்கொண்டு போவதற்கு நாலு ஸ்ட்ரோக்தான் நல்லது. சத்தமில்லாததால் அவர் சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது.